கரிக்கோடு

மொத்தச் செலவு நூற்றெண்பது ரூபா.
அதுவும் கந்தப்பளை டவுனில் வாங்கிய ஆணிக்கு.
மற்றதெல்லாம் யாரோ எறிந்த சாமான்.

லயத்துக்குப் பின்னால், லீக்ஸ் பாத்திக்கு மேலே
நாலு சவுக்குக் கம்பு, மூன்று தகரம்.
தகரத்தின் பழைய ஓட்டை வழியே
வெயில் காசு காசாய் விழும்,
மாதத்தில் நாலைந்து நாள்.
மிச்ச நாளெல்லாம் மூட்டம்
கேட்காமல் நுழைந்து இரும்பை நக்கும்.

முதல் வருசம் எல்லாவற்றையும் சாத்தித்தான் வைத்தேன்.
சாத்தியது சரிந்தது.
சரிந்தது துருப்பிடித்தது.
அலவாங்கு ஒருநாள் காலில் விழுந்து
பெருவிரல் நகம் நாவற்பழமாகி
அந்தக் கிழமை மூன்று பேர் போனது எனக்கு.

வலி விட்டதும் பலகை தேடினேன்.
போன எலக்சனில் சந்தியில் நட்டது,
காற்றில் விழுந்து கானுக்குள் கிடந்தது.
வேட்பாளரின் சிரிப்பை உள்பக்கம் திருப்பி
கம்போடு சேர்த்து அடித்தேன்.
இப்போதுதான் அவரால் ஒரு பிரயோசனம்.

சைக்கிள் டியூப்பை நாடாவாய்க் கீறி
கொஞ்சம் தொய்வு விட்டு ஆணி இறுக்கினால்
குறடு, அரம், கவ்வாத்துக் கத்தி எல்லாம்
இடுப்புப் பிள்ளை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.
தண்ணீர்த் திட்டத்தில் மிஞ்சிய குழாயைச்
சாண் சாணாய் அறுத்தேன், நீட்டுப் பிடிகளுக்கு.
வளைந்த ஆணிகள் பால்மா டின்னில்.
கல்லில் வைத்துத் தட்டினால்
அதுகளுக்கும் இன்னொரு பிறவி உண்டு.

வாளியில் மணல்.
அதில் லொறிக்கார மெய்யப்பன் வடித்துக் கொடுத்த கறுப்பு எண்ணெய்.
சொரண்டியை இரண்டு குத்துக் குத்தி எடுத்தால்
மூட்டம் நாக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விடும்.

கடைசியாய் அடுப்புக் கரி எடுத்து
ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு போட்டேன்.
எடுத்தவர் யாரென்று கோடு சொல்லாது,
எடுத்ததை மறைக்கவும் விடாது.

தோட்டத்து ஐயா வந்தார் ஒருநாள்.
"யாரைக் கேட்டுக் கட்டினது?"
"கட்டலீங்க. சும்மா மறைச்சு வச்சிருக்கேன்."
சுற்றிப் பார்த்தார். சுத்தியலைத் தொட்டு
அதன் கோட்டுக்குள் சரியாகத் திருப்பி மாட்டினார்.
கொப்பியில் எழுதினார்: தற்காலிகம்.
லயத்தையும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்,
என் பாட்டனுக்குப் பாட்டன்
இந்த மலை ஏறிய வருசம்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
கரண்டும் இல்லை.
மேல் கான் உடைந்து
நாலாம் காம்பராவுக்குள் சேறு இறங்கியது.
பெருமாயி போட்ட கூச்சலில்
லயமே வெளியே நின்றது, வெறுங்கையோடு.
டோர்ச்சில் பெட்டரி செத்து ஒரு மாதம்.

உள்ளே நுழைந்தேன்.
கண் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.
கை நீட்டிய இடத்தில் முள்ளு.
ஒரு முழம் தள்ளி அலவாங்கு, மண்வெட்டி ரெண்டு.
பந்தியில் சோறு போடுகிற மாதிரி
பேர் சொல்லிச் சொல்லி வெளியே நீட்டினேன்:
செபமாலை, இந்தா. யோகராசா, இந்தா.
கட்டிலை இழுத்து, சாக்கில் மண் அடைத்து,
தண்ணீரை ஓடைப்பக்கம் திருப்பும்போது
பெரட்டுக்கு மணி அடித்தது.

விடிந்ததும் எல்லாம் திரும்பி வந்தது,
ஒன்றுகூடக் கழுவாமல்.
ஒரு மண்வெட்டி மட்டும் இல்லை.
பலகையில் அதன் உருவம்
தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எங்கே இருக்கிறதென்று தெரியும்.
பெருமாயி இன்னும் வாசலில்
சேறு வழித்துக்கொண்டிருக்கிறாள்.
தவறணையிலிருந்து புருசன் வரும்வரை
பக்கத்தில் ஒரு இரும்பு இருப்பது
அவளுக்கு நல்லதுதான்.

ஈரத்தில் கரி கொஞ்சம் அழிந்திருந்தது.
கோட்டை மறுபடி அழுத்தி வரைந்தேன்.
சனிக்கிழமை போய்க் கேட்பேன்.
உருளைக்கிழங்கு நட வேண்டும்.